விண்வெளியில் ஆறு மாதம்: வீரரின் உடம்பைத் தரையிலிருந்து எப்படிக் கவனிக்கிறார்கள்?

பெங்களூரில் மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "கையில் கட்டும் வாட்சிலேயே ஈசிஜி, ஆக்சிஜன் அளவு, தூக்கம் எல்லாம் வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் விண்வெளியில் இருப்பவர்களுக்கும் இதையே கட்டிவிட்டு, தரையில் டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாதா? நாம் கட்டப்போகும் விண்வெளி நிலையத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?"

போதாது. நீண்ட பயணத்தில் உடம்புக்கு வரும் பெரிய கேடுகள் நாடித்துடிப்பில் தெரிவதில்லை. இடுப்பெலும்பு கரையும்போது வலிக்காது. கண் நரம்பின் முனை வீங்கினாலும் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிட முடியும். கழுத்துச் சிரையில், அதாவது தலையிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாயில், ரத்தம் உறைந்தாலும் இதயம் வழக்கம்போலத்தான் துடிக்கும். இந்த மூன்றையும் எந்த வாட்சும் காட்டாது. நொடிக்கு நொடி ஈசிஜி பார்ப்பது நிலையத்துக்கு வெளியே போய் வேலை செய்யும் நேரத்தில்தான். அப்போது விண்வெளி உடைக்குள் இதயத்துடிப்பு, ஆக்சிஜன் செலவு, கார்பன் டை ஆக்சைடு மூன்றும் தரைக்கு வந்துகொண்டே இருக்கும். மற்ற நாட்களில் நடப்பது வேறு வகையான கண்காணிப்பு. அதில் முக்கியமானவை மூன்று: அந்த ஆளின் பழைய அளவு என்ன, படம் எடுக்கும் கை யாருடையது, கண்டுபிடித்த பிறகு கையில் என்ன மருந்து இருக்கிறது.

பழைய அளவிலிருந்து தொடங்குவோம். லேப் ரிப்போர்ட்டில் வலது பக்கம் அச்சிட்டிருக்கும் 'இயல்பான வரம்பு' விண்வெளியில் அரைகுறையாகத்தான் உதவும். மேலே போனதும் கால் பக்கம் இருந்த சுமார் 2 லிட்டர் திரவம் மார்புக்கும் தலைக்கும் ஏறுகிறது. முகம் உப்புகிறது, கால் மெலிகிறது. உடம்பு இதைத் 'தண்ணீர் அதிகம்' என்று எடுத்துக்கொண்டு, ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை குறைத்துவிடுகிறது. அதனால் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் 2022-ல் வெளியான, 14 வீரர்களிடம் நடத்திய கனடா ஆய்வில் தெரிந்தது வேறு. தரையில் நொடிக்கு 20 லட்சம் சிவப்பணுக்கள் அழிகிற இடத்தில் விண்வெளியில் 30 லட்சம் அழிகின்றன, அதாவது 54 சதவீதம் கூடுதல். மூச்சில் வரும் மிகச் சிறிய அளவு கார்பன் மோனாக்சைடை அளந்து இதைக் கண்டுபிடித்தார்கள், ஏனென்றால் ஹீமோகுளோபின் சிதையும்போது அந்த வாயு வெளிவருகிறது. தரைக்கு வந்து, இழந்த நீர் திரும்பிச் சேரும்போதுதான் ரத்தசோகை வெளியே தெரியும். உடலின் உள்வெப்பமும் இப்படித்தான்: நீண்ட பயணத்தில் படிப்படியாக ஏறி, இரண்டரை மாதத்தில் ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ் கூடிவிடுகிறது. 38 டிகிரி தாண்டியதும் 'காய்ச்சல்' என்று கத்தும் மென்பொருள் அங்கே தொல்லையாகிவிடும்.

ஆகவே ஒப்பிட வேண்டியது அவரை அவரோடேதான். கிளம்புவதற்கு மாதங்களுக்கு முன்பே எலும்பு அடர்த்தி ஸ்கேன், விழித்திரை ஸ்கேன், சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட், கேட்புத் திறன், ரத்தம், 24 மணி நேர சிறுநீர், சாய்வுப் படுக்கைச் சோதனை, நினைவாற்றல் சோதனை எல்லாம் எடுத்து வைக்கிறார்கள். நினைவாற்றல் சோதனையைப் பலமுறை செய்ய வைப்பதற்குக் காரணம் உண்டு. முதல் சில தடவைகள் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும். அது ஏறி நின்ற பிறகு கிடைப்பதுதான் உண்மையான அடிப்படை அளவு. இந்தத் தொடக்கப் பரிசோதனைகளில் நமக்குப் பழைய அனுபவம் இருக்கிறது: ககன்யான் வீரர்களைத் தேர்ந்தெடுத்தது பெங்களூரு விமானபுராவில் 1957 முதல் இயங்கும் விமானப்படையின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஏரோஸ்பேஸ் மெடிசின்தான்.

மேலே போன பிறகு அடிக்கடி நடக்கும் சோதனை எது என்றால், பேச்சு. வாரம் ஒருமுறை சுமார் கால் மணி நேரம், தரையிலிருந்து வீரர்களைக் கவனிக்கும் மருத்துவரான ஃப்ளைட் சர்ஜனோடு தனி இணைப்பு. மற்ற கட்டுப்பாட்டு அறைப் பேச்சுபோல இல்லாமல், இதை வேறு யாரும் கேட்க முடியாது, பதிவும் வெளியே போகாது. மனநல ஆலோசகரோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதேபோல் பேச்சு உண்டு. என் பார்வையில் மற்ற எல்லாக் கருவிகளையும்விட இது பெரியது. 'சொன்னால் அடுத்த பயணம் போய்விடும்' என்ற பயம் இருக்கும் இடத்தில் தலைவலியை யாரும் சொல்லமாட்டார்கள். ரகசியத்துக்கு உறுதி கொடுக்காமல் சென்சார் மட்டும் கூட்டிக்கொண்டே போனால், எண்கள் நிறைய வரும், உண்மை வராது.

எடை பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தராசில் ஏறி நிற்க முடியாது, அதனால் நிறையை முடுக்கத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் சுருள்வில்லோடு இணைந்து கைபோல் நீளும் ஒரு சட்டம் இருக்கிறது. வீரர் அதைக் கட்டிப்பிடித்து, முழங்காலை மடக்கி, உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்வார். வில் தெரிந்த விசையோடு இழுக்கும். எவ்வளவு வேகமாக முடுக்கம் பெறுகிறார் என்பதிலிருந்து நிறை வரும். துல்லியம் ஏறக்குறைய கால் கிலோ. ரஷ்யப் பகுதியில் உள்ள கருவி வேறு வகை: ஆளை வில்லில் மேலும் கீழும் அசையவிட்டு, ஓர் அசைவுக்கு ஆகும் நேரத்தை அளக்கிறது. இரண்டிலும் பிழை வரும் இடம் ஒன்றுதான். கை கால் தளர்ந்தோ வயிறு குலுங்கியோ இருந்தால், உடம்பு ஒரே கட்டியாக நகராமல் துண்டு துண்டாக நகரும், கணக்கு கெட்டுவிடும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பலமுறை அளந்து சராசரி எடுப்பார்கள். சாப்பாடு குறைவதையும் தசை கரைவதையும் முதலில் சொல்வது இந்த எண்தான். மருந்தின் அளவைக் கிலோ கணக்கில் தீர்மானிக்க வேண்டி வந்தாலும் இதைத்தான் நம்ப வேண்டும்.

சென்சார்கள் அங்கே எப்படிக் கெடுகின்றன என்பது உங்கள் வேலைக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. வியர்வை சொட்டாது. தோலின் மேல் படலமாகப் பரவி, ஈசிஜி ஒட்டின் அடியில் புகுந்து பசையைத் தளர்த்தும். உடற்பயிற்சி நேரத்தில் அலை தாறுமாறாக வரும். வெளிவிட்ட மூச்சும் தானாக மேலே போகாது. சூடான காற்று எழும்புவது ஈர்ப்பு இருந்தால்தான். காற்றோட்டம் மோசமான மூலையில் வேலை செய்பவரின் முகத்தைச் சுற்றியே கார்பன் டை ஆக்சைடு தேங்கும். கூடத்தின் சராசரி சரியாக இருக்கும்போதே அவருக்குத் தலைவலி வரும். பூமியில் இந்த வாயுவின் அழுத்தம் 0.3 மில்லிமீட்டர் பாதரசம் அளவு. நிலையத்தில் அதைப்போல் பல மடங்கு. பழைய தரவுகளை அலசிய ஆய்வு ஒன்று, தலைவலிக்கான வாய்ப்பை ஒரு சதவீதத்துக்குக் கீழே வைக்க ஏழு நாள் சராசரி 2.5-க்குள் இருக்க வேண்டும் என்றது. எனவே தலைவலிப் புகார் வந்தால் ரத்த அழுத்தத்தோடு அந்த இடத்துக் காற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விண்வெளி நமக்குச் சலுகை தருகிறது. தரையில் கை இதயத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்தால் ரத்த அழுத்தம் 7, 8 புள்ளி கூடக் காட்டும், அங்கே கை எங்கே இருந்தாலும் அந்த வித்தியாசம் இல்லை. கனடா விண்வெளி நிறுவனம் 2019-ல் ஈசிஜி, மூச்சு, தோல் வெப்பம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை அளக்கும் சட்டையை நிலையத்தில் சோதித்தது. 2025-ல் சுபான்ஷு சுக்லா போன ஆக்சியம்-4 பயணத்தில் தொடர் குளுக்கோஸ் மானிகளும் சோதிக்கப்பட்டன. இவை நல்ல முன்னேற்றங்கள். ஆனால் எலும்பு, கண், கழுத்துச் சிரை மூன்றும் இவற்றுக்கு வெளியேதான் நிற்கின்றன.

எலும்பு: போதிய உடற்பயிற்சி இல்லாவிட்டால் இடுப்புப் பகுதியில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறைகிறது. மனிதர்களுக்கான எலும்பு அடர்த்தி ஸ்கேன் மேலே கிடையாது. ஆகவே போகும் முன்பும் வந்த பின்புமே அளக்க முடியும். இடையில் பார்ப்பது உடற்பயிற்சிப் பதிவையும் சிறுநீரையும். 270 கிலோ வரை எதிர்ப்பு தரும் பளுக் கருவியில் எத்தனை முறை, எவ்வளவு சுமையில் செய்தார் என்பது ஒவ்வொரு நாளும் தரைக்கு வரும். கருவியைப் பொருத்திக் கழற்றும் நேரத்தையும் சேர்த்து நாளுக்கு இரண்டரை மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. எலும்பிலிருந்து கரையும் சுண்ணாம்பு சிறுநீரில் வருகிறது. அதனால்தான் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார்கள். இது இயந்திரத்தையும் விடவில்லை. சிறுநீரிலிருந்து தண்ணீர் மீட்கும் கருவி 85 சதவீதம் மீட்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. வீரர்களின் சிறுநீரில் எதிர்பார்த்ததைவிட அதிகச் சுண்ணாம்பு இருந்ததால், பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது சேர்ந்து கால்சியம் சல்ஃபேட்டாகப் படிந்து 2009-ல் கருவியை அடைத்துவிட்டது. உடலைக் கண்காணிப்பவரும் குழாயைக் கவனிக்கும் பொறியாளரும் ஒரே அறையில் உட்கார வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

ரத்தப் பரிசோதனையில் பெரிய தடை காலம். ரத்தம் எடுத்து, சுழற்றிப் பிரித்து, மைனஸ் 80 டிகிரிக்கும் கீழே உறைய வைப்பார்கள். அது அடுத்த சரக்குக் கலத்தில் பூமிக்கு வந்து முடிவு தெரிய மாதங்கள் ஆகலாம். ஆராய்ச்சிக்கு அது சரி, சிகிச்சைக்கு உதவாது. உடனே பார்க்கக் கையடக்கக் கருவிகள் உண்டு. ஆனால் அவற்றின் கேட்ரிட்ஜ்களைக் குளிரில் வைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காலாவதி தேதி இருக்கிறது. செவ்வாய்க்குப் போய்வரும் மூன்று வருஷப் பயணத்துக்கு இந்த முறை ஒத்துவராது.

கண்ணில் வரும் மாற்றங்கள் 2011-ல் வெளியான ஏழு வீரர்கள் பற்றிய கட்டுரைக்குப் பிறகே முழுக் கவனம் பெற்றன: நரம்பு முனை வீக்கம், கண்கோளத்தின் பின்பக்கம் தட்டையாவது, கிட்டத்துப் பார்வை மங்குவது. 2013 முதல் நிலையத்தில், ஒளியால் விழித்திரையின் குறுக்குவெட்டைப் படம் எடுக்கும் ஓசிடி கருவி இருக்கிறது. கண் நரம்பின் முனையைச் சுற்றி விழித்திரையில் உள்ள நரம்பு நார்ப் படலத்தின் தடிமனை மைக்ரான் கணக்கில் சொல்லிவிடும். பயணத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் எடுத்து ஒப்பிடுகிறார்கள். தலை அசையாமல் இருந்தால்தான் படம் பயன்படும். வீரரும் மிதக்கிறார், எடுப்பவரும் மிதக்கிறார் என்பதால் இருவரையும் பட்டையால் கட்டிக்கொள்வதே முதல் படி. படிப்பதற்கு வேறு வேறு எண்ணில் கண்ணாடிகளைக் கையோடு அனுப்பிவிடுவதும் வழக்கம்.

எக்ஸ்ரே, சிடி எதுவும் இல்லாத இடத்தில் எல்லாப் பாரமும் அல்ட்ராசவுண்ட் மேல்தான். ஆனால் தோலில் வைத்துப் படம் எடுக்கும் கைக்கருவியான ப்ரோபைப் பிடிப்பவர் விமானியாகவோ பொறியாளராகவோ இருக்கலாம். குழுவில் மருத்துவப் பொறுப்பு ஏற்பவருக்குக் கிடைப்பது சுமார் 40 மணி நேர மருத்துவப் பயிற்சி. அதனால் தரையில் ஒரு நிபுணர் அதே படத்தைப் பார்த்துக்கொண்டு குரலால் வழிநடத்துவார்: "ப்ரோபின் குறி தலைப்பக்கம் இருக்கட்டும்... அங்கேயே நில்... வால் பக்கம் கொஞ்சம் சாய்... இப்போது படத்தை நிறுத்து." கழுத்துச் சிரையைப் பார்க்கும்போது அழுத்தக் கூடாது, அழுத்தினால் அது மூடிக்கொள்ளும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, ப்ரோப் தோலைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பிறகு வேண்டுமென்றே லேசாக அழுத்திப் பார்ப்பார்கள். நல்ல சிரை அமுங்கும், உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அமுங்காது. தரையில் படித்த சில பாடங்களை அங்கே மறக்கவும் வேண்டும். வயிற்றில் ரத்தம் கசிந்தால் அது தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும் என்று தேடுவோம். தாழ்வு என்று ஒன்றே இல்லாத இடத்தில் அது எங்கும் இருக்கலாம்.

இப்படி எடுத்த ஒரு படம்தான் இந்தத் துறையையே உலுக்கியது. 11 வீரர்களின் கழுத்துச் சிரையில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஆய்வு 2019-ல் வெளியானது. ஆறு பேருக்கு ஓட்டம் தேங்கியோ பின்னோக்கியோ போனது. ஒருவருக்குப் பயணத்தின் இரண்டாவது மாதத்தில் இடது கழுத்துச் சிரை முழுவதும் உறைந்த ரத்தத்தால் அடைபட்டிருந்தது. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆய்வுக்காகப் பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. சிகிச்சை விவரம் 2020-ல் வந்தது. நிலையத்தின் மருந்துப் பெட்டியில் இருந்தது, ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சபாரின் மருந்தின் 300 மில்லிகிராம் குப்பிகள் 20, ஊசிகளும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் வீதம் தினம் ஓர் ஊசி என்று தொடங்கி, 33 நாளுக்குப் பிறகு, மருந்தை நீட்டிக்க, கிலோவுக்கு 1 மில்லிகிராம் ஆக்கினார்கள். குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சுவதே பெரும்பாடு. திரவமும் காற்றுக் குமிழும் பிரியாமல் கலந்து கிடக்கும், பரப்பு இழுவிசையால் மருந்து கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த சரக்குக் கலத்தில், அதே வேலையைச் செய்யும் அபிக்சபான் மாத்திரை போய்ச் சேர்ந்தது. தரையிறங்கும்போது காயம்பட்டால் ரத்தம் நிற்காது என்பதால், நான்கு நாளுக்கு முன்பே அதை நிறுத்தினார்கள். தரைக்கு வந்த பத்தாம் நாள் கட்டி போயிருந்தது.

இந்த ஒரு சம்பவத்தில் கண்காணிப்பின் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. படம் எடுக்க முடிந்தது, ஏனென்றால் தரையிலிருந்து உடனுக்குடன் பேச முடிந்தது. மருந்து போதவில்லை, ஆனால் சரக்குக் கலம் வந்தது. மோசமானால் இறங்கி வர, நிலையத்தில் எப்போதும் ஒரு கலம் நிற்கிறது. 2026 ஜனவரியில் ஒரு வீரரின் உடல்நிலைக்காக க்ரூ-11 குழுவின் நான்கு பேரும் முன்கூட்டியே திரும்பியது இந்த வசதியால்தான். அதற்கும் முன்பு, 1985 நவம்பரில், சோவியத்தின் சல்யூட்-7 நிலையத்திலிருந்து வீரர் வசியூட்டின் நோயோடு இறங்கியதும் இப்படித்தான். செவ்வாய்ப் பயணத்தில் மூன்றும் கிடையாது. குரல் போய்ச் சேரவே ஒரு வழிக்கு 3 முதல் 22 நிமிஷம் ஆகும். "கொஞ்சம் சாய்" என்ற சொல் அங்கே போகும்போது ப்ரோப் வேறெங்கோ இருக்கும்.

கதிர்வீச்சை அளக்க ஆளுக்கொரு டோசிமீட்டர், கூடத்தில் தனி மானிகள். நிலையத்தில் நாளுக்கு அரை மில்லிசீவர்ட்டுக்கு (உடம்பு ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) சற்று மேலே, தரையில் உலகச் சராசரி ஆண்டுக்கே 2.4. செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி ஊர்தி வழியில் அளந்தது நாளுக்கு 1.84. போக வர 360 நாள் என்று வைத்தால் பயணத்திலேயே 660 தாண்டும். நாசா ஒரு வீரரின் முழுப் பணிக்காலத்துக்கும் வைத்திருக்கும் வரம்பு 600.

தூக்கத்தைக் கைப்பட்டை மானி நன்றாகவே அளக்கிறது. உங்கள் வாட்ச் வெற்றி பெறும் இடம் இதுதான். சராசரி ஆறு மணி நேரம்தான் தூங்குகிறார்கள். தூக்கமின்மை மூளையை எவ்வளவு மந்தமாக்குகிறது என்பதை மூன்று நிமிஷ எதிர்வினைச் சோதனை காட்டும்: திரையில் எண் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும், குறித்த நேரத்துக்கு மேல் தாமதித்தால் அது கவனப் பிசகு.

இனி நம் நிலையம். ககன்யான் மூன்று நாள் பயணம், அதற்கு இவ்வளவு தேவைப்படாது. 2035-க்குள் கட்ட நினைக்கும் பாரதிய அந்தரிக்ஷ நிலையத்தில் மாதக்கணக்கில் தங்கும்போது எல்லாமே வேண்டும். வீரர் உடல்நலக் கண்காணிப்புக்கும் கதிர்வீச்சு அளவீட்டுக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவோடு இஸ்ரோ 2019-லேயே ஒப்பந்தம் போட்டிருக்கிறது. தொலைமருத்துவத்திலும் நாம் புதியவர்கள் அல்ல. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்பில் பெங்களூரின் இதய மருத்துவர்கள் சாமராஜநகர் மாவட்ட நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே இருந்த சிக்கலும் இதேதான்: நிபுணர் ஓரிடம், கை ஓரிடம்.

நீங்கள் மென்பொருள் எழுதுபவர் என்பதால் சொல்கிறேன், இன்னொரு வாட்ச் வேண்டாம். பயிற்சி குறைந்த கையில் ப்ரோப் இருக்கும்போது, தரையின் குரல் இல்லாமலே "சரியான படம் வந்துவிட்டது, இதைச் சேமி" என்று சொல்லும் நிரலை எழுதுங்கள். அதைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். எச்சரிக்கை வரம்புகளை ஆளுக்கு ஆள், பயண வாரத்துக்கு வாரம் மாற்றும்படி வையுங்கள். சராசரியை மட்டும் சேமித்து மூல அலையை அழித்துவிடாதீர்கள், பின்னால் சந்தேகம் வரும்போது அதுதான் கேட்கப்படும். ஒவ்வோர் அளவோடும் எடுத்த நேரம், கடைசி உடற்பயிற்சி முடிந்து எவ்வளவு நேரம் ஆனது, எந்தக் கருவி, எந்தப் பகுதியில் இருந்தார், அப்போது அங்கே கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்பதும் தானாகவே பதிவாக வேண்டும். வீரரிடம் அதைக் கையால் நிரப்பச் சொன்னால் இரண்டாவது வாரத்திலிருந்து கட்டங்கள் காலியாகவே வரும்.